மூன்று நாள் சுருட்டு

இழுப்பறை பாதி வந்து சிக்கிக்கொண்டது. யாவோஸ்கா மேசையை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் இழுத்தாள். அப்பாவின் அடையாள அட்டையைக் காட்டாமல் நகராட்சியில் அடக்கத்துக்குச் சீட்டு தரமாட்டார்கள். மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்க வேண்டும். இப்போதே பத்தரை.

சன்னலுக்கு வெளியே, தெருவை அடைத்துப் போட்ட பந்தலின் கீழ், சுருட்டுத் தொழிற்சாலை ஆட்கள் வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்து கறுப்புக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுக் காலை செருப்பு மாட்டக் குனிந்த அவள் அப்பா எவாரிஸ்தோ அப்படியே சரிந்துபோனதைப் பேசி முடித்துவிட்டு, இப்போது அவரையே பேச ஆரம்பித்திருந்தார்கள்.

“மேல போனதும் புனித பேதுரு வாசல்ல நிறுத்தி மார்க் போடுவாருல்ல? அங்கயும் சண்டதான். இது தப்பு, மறுபடி போடுங்கன்னு நிப்பாரு பாரு.”

“பேதுருவுக்கு நாக்கு சரியில்லம்பாரு.”

சிரிப்பு எழுந்து, சாவு வீடு என்று நினைவு வந்ததும் அடங்கியது.

அப்பா ஒரு நாளும் யாருடைய நாக்கையும் குறை சொன்னதில்லை என்று யாவோஸ்காவுக்குத் தெரியும். ஆனால் எழுந்து போய்ச் சொல்லத் தோன்றவில்லை. எஸ்தெலி ஊரில் அவருடைய சண்டையை எல்லோரும் இப்படித்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

மயாமியில் அச்சாகும் ஒரு சுருட்டுப் பத்திரிகை, புதிதாக வரும் ஒவ்வொரு வகையிலும் ஐந்து சுருட்டு அனுப்பச் சொல்லும். பெயர்ப் பட்டையைக் கழற்றிவிட்டு வெறும் எண் ஒட்டி, யார் செய்தது என்று தெரியாமல் நான்கு பேர் புகைப்பார்கள். நூற்றுக்கு இத்தனை என்று போடுவார்கள். தொண்ணூறைத் தாண்டினால் கடைக்காரர்கள் தாங்களாகவே கூப்பிடுவார்கள். எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கினால் கடையில் அடித்தட்டுக்குப் போய்விடும். எவாரிஸ்தோ முப்பத்தொரு வருடம் அந்தத் தொழிற்சாலையின் கலவைக்காரர். எந்த நிலத்து இலையோடு எந்த நிலத்து இலை சேரும், எது நெருப்பைப் பிடித்துவைக்கும், எது மணத்தைத் தரும் என்று முடிவு செய்கிற ஆள். நான்கு வருடம் மாற்றி மாற்றிப் பார்த்து அவர் செய்த சுருட்டுக்கு, இரண்டு வருடத்துக்கு முன்னால் எண்பத்து நான்கு வந்தது.

“அவங்க நாக்கு சரியாத்தான் இருக்கு,” என்றார் அன்றைக்கு. “எழுதியிருக்கறதப் படி. மூக்கக் குத்துது, வாய் காயுது, பாதியில அணையுது. மூணும் பச்சச் சுருட்டோட குணம். என் சுருட்டு எட்டு மாசம் தூங்கி எழுந்தது. அவங்க குடிச்சது என்னோடது இல்ல.”

காய்ந்த இலையைச் சுற்றினால் உடையும். அதனால் நனைத்துத்தான் சுற்றுவார்கள். அந்த ஈரம் சுருட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். இலை உள்ளே புழுங்கி அமோனியா விடும். தேவதாருப் பலகை அடித்த அறையில் மாதக்கணக்கில் கிடந்தால்தான் ஈரம் இறங்கி, நெடி போய், வெவ்வேறு நிலத்திலிருந்து வந்த இலைகள் ஒன்றோடொன்று சமாதானம் ஆகும். அதற்கு முன்னால் பற்றவைப்பது வேகாத சோற்றைப் பரிமாறுவது போல.

முதலாளி விசாரித்தார். அறையிலிருந்து ஐந்து சுருட்டு எடுத்தது உண்மைதான். எடுத்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். “நாக்குக்கும் வயசாகும் எவாரிஸ்தோ,” என்று தோளைத் தட்டினார். அடுத்த மாதம் அவரை இலை பிரிக்கிற கொட்டகைக்கு மாற்றி, எவாரிஸ்தோவின் மகன், யாவோஸ்காவின் தம்பி நோர்லானைக் கலவைக்காரன் ஆக்கினார். வெளியாள் இல்லை, மகன்தானே என்று ஊர் திருப்திப்பட்டது. நோர்லானின் முதல் சுருட்டுக்குத் தொண்ணூற்றிரண்டு வந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது யாவோஸ்காவும் சொல்லிவிட்டாள். “விடுங்கப்பா. நாக்குக்கும் வயசாகத்தானே செய்யும்?”

அவர் கையிலிருந்த சோள ரொட்டியைத் தட்டில் வைத்தார். “நீயுமா சொல்ற?” கோபமில்லை. ஏதோ தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலத்தான் கேட்டார்.

“பின்ன யாரு சொல்லுவா?”

அதற்குப் பிறகு அவள் முன்னால் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. தொழிற்சாலையில் அவள் சுருட்டு சுற்றுகிற மேசைப் பக்கம் வருவதும் நின்றது. முன்பெல்லாம் போகிறபோது ஒரு சுருட்டை எடுத்து, காதருகில் வைத்து விரலால் உருட்டிப் பார்த்து, தலையசைத்துவிட்டு வைப்பார். பதவி போன வெட்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இழுப்பறை சட்டென்று விடுபட்டு மடியில் விழுந்தது. ஒரு தகர டப்பா. அதில் அடையாள அட்டை, அம்மாவின் இறப்புச் சான்றிதழ், அடியில் நான்காக மடித்த வழவழப்பான தாள்.

அந்தப் பத்திரிகையின் பக்கம். இதுவரை அவள் பார்த்ததில்லை. யாரோ மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டதோடு சரி. எண்பத்து நான்குக்குப் பக்கத்தில் சுருட்டின் படம், உண்மையான நீளத்தில். அதன் தலையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். வட்டத்துக்குக் கீழே அப்பாவின் எழுத்தில் இரண்டு சொற்கள்: மூன்று நாள்.

அவள் தாளைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

எஸ்தெலியில் ஒரு சுருட்டை இரண்டு பேர் செய்வார்கள். ஒருவர் உள்ளிலைகளை மடித்துச் சேர்த்து உருளை ஆக்குவார். இன்னொருவர், பெரும்பாலும் பெண், மேலிலையைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டு வந்து, வாயில் வைக்கிற முனைக்குத் தொப்பி போடுவார். மேலிலையின் கடைசி நுனியைக் கொடிபோல வெட்டி, தலையைச் சுற்றி மூன்று சுற்று கொண்டுவந்து, பசை தொட்டு, கட்டைவிரலால் தடவி மூடுவது. அந்தத் தடவலில்தான் ஆள் தெரியும். எவ்வளவு அழுத்தம், எந்தப் பக்கம், எங்கே விரல் எடுக்கப்பட்டது என்று கையெழுத்துப்போல விழும். இருநூறு பேர் வேலை செய்கிற கூடத்தில் தொப்பியைப் பார்த்தே எவாரிஸ்தோ பெயர் சொல்லுவார்.

படத்தில் இருந்த தொப்பியின் மூன்றாவது சுற்று ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவசரத்தில் சரிந்ததல்ல. கட்டைவிரலை உபயோகிக்க முடியாமல், ஆள்காட்டி விரலின் பக்கவாட்டால் தடவிய சரிவு.

அவளுடையது.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அவள் அப்படித் தொப்பி போட்டிருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, இலை வெட்டுகிற பிறைக்கத்தி வலது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டுவிட்டவர் அப்பாதான். காயம் ஆறுகிற வரைக்கும் சுருட்டே சுற்றக்கூடாது என்று சொல்லி, இலை நரம்பு உருவுகிற இடத்துக்கு அவளை அனுப்பினார். சனிக்கிழமை கூடம் காலியானதும் நோர்லான் வந்தான். மத்தகல்பாவில் நண்பனுக்குக் கல்யாணம், இருபத்தைந்து சுருட்டு கேட்டிருக்கிறான், உள்ளிலையை நான் பிடிக்கிறேன், நீ மேலிலை மட்டும் போடு, அப்பாவுக்குத் தெரிந்தால் திட்டுவார் என்றான். தொப்பி சரியுதே என்று அவள் தயங்கியபோது, “கல்யாண வீட்ல தொப்பியவா பாக்கப் போறாங்க?” என்று சிரித்தான். திங்கட்கிழமை மயாமிக்குச் சுருட்டுப் பெட்டி போயிற்று. அனுப்புகிற வேலை அப்போது நோர்லானுடையது. கத்தி பட்டதற்கும் பெட்டி போனதற்கும் நடுவில் மூன்றே நாள்.

அவள் தாளை மடித்தாள். மடிப்புகள் பழகிப்போயிருந்தன, தானாகவே மடிந்தது. எத்தனை தடவை விரித்துப் பார்த்திருப்பார்.

சமையலறையில், தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரியான தொமாசா பெரிய பாத்திரத்தில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தாள். புதுக் கறுப்புச் சட்டையில் நோர்லான் சுவரில் சாய்ந்து கோப்பையை ஊதிக்கொண்டிருந்தான்.

“கெடச்சுதா அக்கா? குடு, ஓடிப்போய்ட்டு வந்துடறேன்.”

“தொமாசா, கொஞ்சம் வெளிய இருங்களேன்.”

தொமாசா இருவரையும் பார்த்தாள். கரண்டியை வைக்காமலே வெளியே போனாள்.

“நோர்லான், மத்தகல்பாவுல கல்யாணம் யாருக்கு?”

“எந்தக் கல்யாணம்?” அவன் நிஜமாகவே குழம்பினான். “இன்னிக்கு எதுக்கு அதெல்லாம்? தூங்காம உனக்கு…”

அவள் தாளை விரித்துக் காப்பிப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்தாள். அவன் வட்டத்தைப் பார்த்தான். எழுத்தைப் பார்த்தான். கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடி, கையிலேயே வைத்துக்கொண்டான்.

“எண்பத்தி நாலுங்கறது ஒண்ணும் மோசமான மார்க் இல்லக்கா.”

அவள் தாளை அவன் பக்கம் இன்னும் நகர்த்தினாள்.

“ஆறு வருஷம் அவர் பின்னாலயே நடந்தேன். நான் செஞ்ச கலவைய ஒரு இழுப்பு இழுப்பாரு, துப்புவாரு. ‘இன்னும் வேகல’. எப்பவும் அதே பேச்சு. எனக்கும் வயசு போகுதில்ல? எப்பிடியும் அந்த வேல நமக்குத்தானே வரணும்? கொஞ்சம் சீக்கிரம் வந்துது, அவ்ளோதான். இல்லேன்னா முதலாளி வேற எவனையாவது கொண்டாந்திருப்பான்.”

“அறையிலேந்து எடுத்தியே அஞ்சு சுருட்டு. அது என்னாச்சு?”

“குடிச்சேன்.”

“எப்பிடி இருந்துது?”

வெளியே யாரோ காப்பி கேட்டார்கள். பொறு என்றாள் தொமாசா.

“கேக்கறேன்ல. எப்பிடி இருந்துது?”

“தொண்ணூத்தி அஞ்சு,” என்றான் கோப்பையைப் பார்த்துக்கொண்டே. பிறகு, யாரோ மறுத்ததுபோல, “அதுக்குக் கீழ எவனும் போட முடியாது,” என்றான்.

“அப்பா என்கிட்ட கேக்கவே இல்லடா.”

“என்னது?”

“ஏன் செஞ்சேன்னு. ரெண்டு வருஷமா ஒரு வார்த்த கேக்கல.”

நோர்லானின் முகம் மாறியது. இவ்வளவு நேரம் அவன் தன்னைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தான். “அவருக்குத் தெரியும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. இந்தப் பக்கத்த முதலாளிகிட்ட காட்டியிருந்தா…”

“காட்டியிருந்தா என்ன? அதுல இருக்கறது உன் கையா?”

அவள் அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார்கள். கைகள் மார்பில் கோத்திருந்தன. விரல் நுனிகளில் இலைக் கறை போகவில்லை. தொமாசா எலுமிச்சை வைத்துத் தேய்த்துப் பார்த்தாளாம். யாவோஸ்கா குனிந்து அவர் காதருகில் எதையோ சொல்ல ஆரம்பித்தாள். முதல் சொல்லிலேயே, பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் அவளுக்கு இடம் விட்டுச் சத்தத்தைக் குறைத்தார்கள். எல்லோரும் கேட்கிற அமைதி அது. அவள் நிமிர்ந்துவிட்டாள். செபம் மறுபடி தொடங்கியது.

மூன்று மணிக்கு ஐந்து பேர் வந்தார்கள். எல்லோரும் தொழிற்சாலைக்காரர்கள், எல்லோரும் உயரமானவர்களாகப் பார்த்து நோர்லான்தான் பொறுக்கியிருந்தான், பெட்டி மட்டமாகப் போக வேண்டும் என்று. முன்னால் வலது பக்கம் மகனுடைய இடம். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தான். முதலாளி தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார்.

யாவோஸ்கா போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

“விடு.”

“அக்கா, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். விடு.”

அவன் அவளைப் பார்த்தான். கைப்பிடியை விட்டுவிட்டால் அவள் யாரிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை என்று அவனுக்குப் புரிந்தது. ஒவ்வொரு விரலாக எடுத்தான்.

“பொண்ணுங்க தூக்கற வழக்கமில்லையே,” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“வாய மூடு, தூக்கு,” என்றாள் தொமாசா.

தூக்கினார்கள். மற்றவர்களைவிட அவள் ஒரு தலை குட்டை. முன் வலது மூலை இறங்கியது. உள்ளே ஏதோ மெல்ல நகர்ந்து அவள் பக்கம் வந்து நின்றது. ஐந்து ஆண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல், யாரும் சொல்லாமல், முழங்கால்களைக் கொஞ்சம் மடித்தார்கள். பெட்டி மட்டமானது. அப்படியே மடித்த கால்களோடு, வெயிலில், கல்லறை வரைக்கும் ஒன்பது தெரு நடந்தார்கள்.