சனிக்கிழமைப் பின்னல்

பிரிவு ஒப்பந்தம் எழுத உட்கார்ந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எத்தனையோ பேர் நடுத்தெருவில் நின்று கத்தி, மானத்தை வாங்கிக்கொண்டு பிரிகிறார்கள். நாங்கள் அப்படி இல்லை. ஒத்துவரவில்லை, மரியாதையாகப் பிரிந்துகொள்கிறோம், மூன்றாவது ஆள் யாரும் கிடையாது. அப்படித்தான் என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் நம்பினேன், மடச்சி.

மேசைக்கு இந்தப் பக்கம் நானும் என் வக்கீலம்மாவும். அந்தப் பக்கம் அவரும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த அவருடைய வக்கீலும். இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதாதா என்று அவர் முதலில் கேட்டுப் பார்த்தார். வக்கீலம்மா விடவில்லை.

"ஆளுக்கு ஒருத்தர் இருந்தாத்தான் இது நிக்கும். நாளைக்கு ஒருத்தர் 'புரியாம கையெழுத்துப் போட்டேன்'னு சொன்னா மொத்தமும் போச்சு. வற்புறுத்தல் இருக்கக் கூடாது, ஒளிவுமறைவு இருக்கக் கூடாது. நல்லா இருக்கிற நாளுக்கு இது தேவையில்லம்மா. சண்டை வர்ற நாளுக்குத்தான் எழுதுறோம்."

வீடு, சாமான், வண்டி எல்லாம் சுமுகமாக முடிந்தது. கடைசியாக எங்கள் மகள். எட்டு வயது, வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பாதி வாரம் என்னிடம், பாதி வாரம் அவரிடம் என்று நானே சம்மதித்திருந்தேன். என் அக்கா, "பெத்த பிள்ளைய யாராவது பாதி தூக்கிக் குடுப்பாளாடி?" என்று வாய் ஓயாமல் திட்டினாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அவர் சரிப்படவில்லை. அப்பாவாக ஒரு குறை சொல்ல முடியாது. சனிக்கிழமையானால் என் பார்லரில் கூட்டம் நெரியும், தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது. போன வருஷம் முழுக்க அன்றைக்கெல்லாம் அவர்தான் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்.

வக்கீலம்மா அடுத்த வரியைப் படித்தார். "பெற்றோரில் எவருக்கேனும் புதிய துணை அமைந்தால், ஆறு மாதம் கழிந்த பிறகே, மற்றவருக்குத் தெரிவித்துவிட்டுக் குழந்தைக்கு அறிமுகப்படுத்த வேண்டும்."

எல்லா ஒப்பந்தத்திலும் வழக்கமாகப் போடுகிற வரிதானாம். நான் தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் ஆட்டவில்லை.

"இது வேண்டாமே," என்றார்.

கண்ணாடிக்காரர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கினார். "ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க சார். பின்னாடி தெரிஞ்சா உங்களுக்குத்தான் வம்பு."

என் வீட்டுக்காரர் மேசையைப் பார்த்தபடியே சொன்னார். "குழந்தைக்கு அவங்கள ஏற்கெனவே தெரியும்."

"எவங்கள?" என்றேன்.

"ஆபீஸ்ல கூட வேலை பாக்கிறவங்க. ஒரு வருஷமா… சனிக்கிழமைல, அவங்க வீட்டுல…"

அடப்பாவி!

தலைமுடியை வைத்துத்தான் நான் சோறு தின்கிறேன். யார் கை வெட்டிய முடி என்று பின்கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கு வாலு ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் நாலு கால் பின்னலோடு வருவாள். ஒரு முடி பிசிறாது. யாருடி பின்னினது என்றால், அப்பா என்பாள். சட்டைப் பொத்தான் போடவே தடுமாறுகிற மனுஷன் என் மகளுக்காகப் பின்னல் கற்றுக்கொண்டிருக்கிறாரே என்று உருகிப்போனேன். பார்லருக்கு வந்த ஒருத்தியையும் விடாமல் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். போதாததற்கு நல்ல சீப்பாக ஒன்று வாங்கி அவர் பையில் வேறு வைத்துவிட்டேன். என் சீப்பால் என் மகளுக்கு எவளோ தலை வாரியிருக்கிறாள்.

அவள் எப்படியோ தொலையட்டும். அதைவிட வேறொன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"எட்டு வயசுப் பிள்ளைய பொய் சொல்ல வச்சியா நீ?" என்றேன். அவரை நான் நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பொய் சொல்லச் சொல்லல. அம்மாகிட்ட சொல்லாதே, அவ வருத்தப்படுவான்னுதான் சொன்னேன்."

"ஆஹா! என் மேல என்ன ஒரு கரிசனம்!"

காகிதத்தைக் கிழிக்கப் போன என் கையை வக்கீலம்மா பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். கோபத்துல போட்டது நிக்காது. பாதி வாரம் குடுக்கிறதா வேண்டாமான்னு ஆற அமர யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு எழுதுங்க. அம்மாகிட்ட சொல்லாதே, அப்பாகிட்ட சொல்லாதேன்னு பிள்ளைகிட்ட யாரும் எதுவும் சொல்லக் கூடாது."

"இதெல்லாமா ஒப்பந்தத்துல எழுதுவாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எழுதலாம் சார்," என்றார் கண்ணாடிக்காரர். அதற்கப்புறம் அவர் தன் கட்சிக்காரரின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அக்கா வீட்டில் விட்டிருந்த வாலுவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கண்ணாடி முன்னால் உட்கார வைத்துத் தலை வாரினேன். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், வாய் நிற்கவில்லை.

"சனிக்கிழமைல யாருடி உனக்குப் பின்னி விடுறது?"

"அப்பா."

கண் சிமிட்டவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தாள். இவ்வளவு சுத்தமான பொய்யைப் பெரியவர்கள் வாயிலிருந்துகூட நான் கேட்டதில்லை.

"அப்பா சொல்லிட்டாருடி. அம்மாவுக்குத் தெரியும்."

சிரிப்பு போய்விட்டது. "நான் சொல்லலம்மா," என்றாள் பதறிப்போய். "சத்தியமா நான் சொல்லல. அப்பா என்னைத் திட்டுவாரா?"

அவ்வளவுதான், நான் உடைந்துபோனேன். அத்தனை நேரம் வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. வாலு துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அம்மா அழுதேன்னு அப்பாகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதே, என்ன?" என்றேன்.

"சரிம்மா." உடனே தலையாட்டினாள்.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "இல்லடி, இல்ல. சொல்லு. தாராளமா சொல்லு."

வாலு துண்டை மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"நீயும் அப்பாவும் முதல்ல பேசி முடிவு பண்ணுங்கம்மா, எதெது சொல்லணும், எதெது சொல்லக் கூடாதுன்னு," என்றாள். "எனக்கு மறந்து மறந்து போகுது."