கல்கத்தா பெட்டிகள்

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று சொன்ன மனுசன் எதற்குக் கட்டைப்பையில் இரண்டு போர்வைகளையும் ஒரு நைலான் கயிற்றையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்? கடலூர் செம்மண்டலத்தில் பஸ் ஏறும்போதே சந்திரலேகாவுக்குத் தெரிந்துவிட்டது. இது பார்க்கப் போகிற போக்கு இல்லை. சிதம்பரத்தில் ஒரு வண்டி பிடித்து, அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் போர்வையில் சுற்றி, குழந்தையைக் கொண்டு வருவது போலக் கடலூருக்குக் கொண்டு வருகிற போக்கு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும், பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

அவள் புருசன் கொளஞ்சியப்பன் இருபத்தாறு வருடம் போர் வண்டியில் இருந்தவர். ஆந்திரா, கர்நாடகா என்று ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற லாரி அது. பாறையில் துரப்பணம் இறங்கும்போது பக்கத்தில் கம்ப்ரஸர் போடுகிற சத்தத்தை ஒரு நாள் முழுக்க யாரும் கேட்டுவிட முடியாது. அவர் இருபத்தாறு வருடம் கேட்டார். மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டபோது இவர், அதெல்லாம் பொம்பளப் புள்ளைங்க சமாச்சாரம் என்று சிரித்தாராம். முட்டி தேய்ந்து வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்து நான்கு வருடம் ஆகிறது. வந்தவர் முதலில் செய்த காரியம், பாட்டுக் கேட்க ஒரு ஹோம் தியேட்டர் வாங்கியதுதான். லாரி, தூசி, டீசல் என்று போன காலத்தில் அவர் தனக்கென்று வைத்திருந்த ஒரே ஆசை அது. அதைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

ஆனால் மூன்றே மாதத்தில், "சத்தம் இருக்குது, தெளிவு இல்ல" என்றார். "உனக்கு எப்படி இருக்குது? மந்தமா இல்ல?" என்று அவளிடம் கேட்டார்.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இல்லை என்றால் பேச்சு நீளும். "ஆமா மாமா, கொஞ்சம் மந்தமாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் குழம்பை இறக்கப் போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் அந்த செட்டைப் பக்கத்து வீட்டு பாலகுமாருக்குப் பாதி விலைக்குத் தள்ளினார். அடுத்து வாங்கியதும் மந்தம். அதற்கடுத்ததும் மந்தம். ஒவ்வொரு தடவையும் அவளைக் கேட்டார், ஒவ்வொரு தடவையும் அவள் ஆமாம் போட்டாள். பாலகுமார் வீட்டில் தினமும் காலையில் அந்த முதல் செட் கணீரென்று பாடுவது சுவரைத் தாண்டி அவள் காதில் விழும். "பாவம், நம்மகிட்ட வாங்கி ஏமாந்துட்டான்" என்பார் கொளஞ்சியப்பன். அவள் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவாள்.

கோளாறு எங்கே என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. டி.வி. சத்தம் தெருமுனை வரைக்கும் போகிறது. ஓசூரிலிருந்து மகள் தமிழினி பேசினால், ஃபோன் சரியில்லை என்று அவள் கையில் கொடுத்துவிடுகிறார். "வாய்க்குள்ளயே முணுமுணுக்காத, தெறந்து பேசு" என்று அவளைத் திட்டுகிறார். திறந்து பேசிப் பேசி அவள் தொண்டை புண்ணாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள், புருசன் பொண்டாட்டிக்குள் எந்நேரமும் சண்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவசியமானதை மட்டும் கத்திச் சொல்லிவிட்டு, சின்னச் சின்னப் பேச்சையெல்லாம் அவள் எப்போதோ விட்டுவிட்டாள். செடியில் இன்றைக்கு இரண்டு பூ என்பதைக் கத்திச் சொல்ல முடியுமா? சொல்லாமலே விட்டதெல்லாம் சேர்ந்து அவளைச் சோர வைத்திருந்தது.

இப்போது புதுசாக ஒரு கண்டுபிடிப்பு. இந்தக் காலத்துச் சாமான்தான் கோளாறாம். அவர் வாலிபத்தில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வெற்றுக் கேஸட்டைக் கொடுத்து வேண்டிய பாட்டை எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அந்தக் கடை வாசலில் கல்கத்தாவில் செய்த இரண்டு மரப் பெட்டிகள் இருக்குமாம். அதில் பாட்டுக்கு நடுவே வரும் சலங்கைச் சத்தம், காலடியில் யாரோ நடந்து போவது போல இருக்குமாம். "அந்தச் சலங்க இப்ப எந்தச் செட்டுலயும் வர்றதில்ல, சந்திரா. அதுல மட்டும்தான் வரும்." பழைய ஆடியோ சாமான் வாங்கி விற்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் அதே பெட்டிகளின் படத்தைப் பார்த்ததிலிருந்து மனுசன் தரையில் நடக்கவில்லை. விலை இருபத்து நான்காயிரம். அவர் நம்பிக்கையைப் பார்க்கையில்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. அதிலும் வராவிட்டால் இவர் என்ன ஆவார்?

சிதம்பரம் கனகசபை நகரில் வீட்டைக் கண்டுபிடிக்கப் பதினோரு மணி ஆகிவிட்டது. ராமாமிர்தம் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையில் மகள் வீட்டுக்கே நிரந்தரமாகப் போகிறார். அங்கே கொடுத்திருக்கிற அறையில் ஒரு கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்குமாம். அதனால் விற்கிறார். பெட்டிகள் இடுப்பு உயரம் இருந்தன. மரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்.

"கீழ இருக்குற பெரிய வூஃபர் ஸ்பீக்கருக்கு ஓரத்து ஃபோம் மட்டும் பாண்டிச்சேரில மாத்துனது. மத்தபடி எல்லாம் அப்படியே ஒரிஜினல். நான் ஒண்ணையும் மறைக்க மாட்டேன்" என்றார் ராமாமிர்தம்.

கொளஞ்சியப்பன் நாற்காலியை இரண்டு பெட்டிகளுக்கும் சரி நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சந்திரலேகா சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ராமாமிர்தம் கேஸட்டைப் போட்டார்.

வயலின் எழுந்தது, பிறகு குரல். அதன் பின்னாலிருந்து வந்தது சலங்கை. இடது பெட்டியிலிருந்து புறப்பட்டு, அறையைக் குறுக்கே கடந்து, வலது பெட்டியில் போய் நின்றது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கேட்டது. சந்திரலேகாவுக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. பஸ்ஸில் வந்த களைப்பு, முதுகு வலி எல்லாம் ஒரு நிமிடம் எங்கே போனதென்று தெரியவில்லை. மனுசன் சொன்னது பொய்யில்லை என்று நினைத்தாள். இருபத்து நான்காயிரம் கொடுக்கலாம், தப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டு சந்தோசமாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகம் தொங்கிப் போயிருந்தது.

"ட்வீட்டர் போயிடுச்சு சார்" என்றார் கொளஞ்சியப்பன்.

"எது?"

"மேல இருக்குற சின்ன ஸ்பீக்கர். ரெண்டுலயும் போயிடுச்சு. சலங்க வரல."

ராமாமிர்தம் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அன்றைய பேப்பரை எடுத்துக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைச் சின்ன ஸ்பீக்கர்மேல் வைத்து, மறு முனையை அவர் காதுக்கு நேரே நீட்டினார். "இப்படி வெச்சா அது மட்டும் தனியாக் கேக்கும். கேளுங்க."

கொளஞ்சியப்பன் குனிந்து கேட்டார். ஒரு பெட்டியில் கேட்டார், அடுத்ததில் கேட்டார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. "ஒண்ணும் வரல. செத்துப்போனத எண்ண போட்டுத் தொடச்சு வெச்சுக்கினு, காதுல பூ சுத்துறீங்களா? இதுக்கா கடலூர்லேருந்து வந்தோம்?"

"ஐயா, வார்த்தைய விடாதீங்க. முப்பத்தஞ்சு வருசம் ஊரார் பணத்த எண்ணிக் குடுத்தவன் நான். ஒருத்தரும் என்னை அப்படிச் சொன்னதில்ல." ராமாமிர்தம் பேப்பர் குழாயைச் சந்திரலேகா பக்கம் நீட்டினார். "அம்மா, நீங்க கேட்டுச் சொல்லுங்க. நீங்க சொல்றத நான் ஒத்துக்கிறேன்."

"கேளு சந்திரா. அவ பொய் சொல்ல மாட்டா சார்" என்றார் கொளஞ்சியப்பன்.

அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்க் குழாயைக் காதில் வைத்தாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்டதுதான். இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். வரவில்லை என்று சொல்லிவிட்டால் பத்து நிமிடத்தில் வெளியே போய்விடலாம். ஒரு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஆனால் அடுத்த ஞாயிறு விழுப்புரத்தில் ஒரு பெட்டி, அதற்கடுத்த ஞாயிறு பாண்டிச்சேரியில் ஒரு பெட்டி. அங்கெல்லாம் அவள் குழாயைக் காதில் வைத்து வரவில்லை என்று சொல்ல வேண்டும். இந்த மனிதரும் ஏமாற்றுக்காரர் என்ற பேரோடு சென்னைக்குப் போவார். நியாயத்துக்காகச் சொன்னாள் என்றெல்லாம் பெருமையாகச் சொல்ல முடியாது. பொய் சொல்லி அலுத்துப்போய்ச் சொன்னாள்.

"பாடுது மாமா."

"என்னா?"

அதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சின்ன அறையில், வேற்று மனிதருக்கு முன்னால், தொண்டை கிழியக் கத்தினாள். "பாடுது மாமா! ரெண்டும் நல்லாப் பாடுது!"

கொளஞ்சியப்பன் அவளையே பார்த்தார். கேஸட் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார். "அப்ப நம்ம வீட்ல இருக்குறது?"

"அதுவும் பாடுது."

"பாலகுமாருக்குக் குடுத்தது?"

"அதுவுந்தான். தெனம் காலையில கேக்குறேன்."

ராமாமிர்தம் தலையைக் குனிந்துகொண்டு, அலமாரியில் ஏதோ ஒரு கேஸட்டைத் தேட ஆரம்பித்தார். அவர் எதையும் தேடவில்லை என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

"இன்னொரு வாட்டி போடுங்க சார்" என்றார் கொளஞ்சியப்பன். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. "சந்திரா, இங்க வா. அது எங்க வருதுன்னு காட்டு."

ஸ்டூலை அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. சலங்கை வந்தபோது அவர் முழங்காலில் விரலால் தட்டினாள். மெல்ல வந்தபோது மெல்லத் தட்டினாள், வேகமாக வந்தபோது வேகமாகத் தட்டினாள். அவர் பெட்டிகளைப் பார்க்கவில்லை. அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிகிற வரைக்கும் அவள் தட்டினாள். ஒரு இடத்தைக்கூட அவள் விடவில்லை.

முடிந்ததும் எழுந்து ராமாமிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பாப் பேசிட்டேன் சார். மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவால்ல விடுங்க. வேணும்னா ஒரு மாசம் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன். டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்க."

கொளஞ்சியப்பன் பெட்டிகளின் மேல் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார். "வேணாம் சார். கேக்குறவங்க வாங்கட்டும்."

ஆட்டோவில் திரும்பினார்கள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்தார். உள்ளே நாலைந்து பேர்தான். கொளஞ்சியப்பன் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தார், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டைப்பை அவர் மடியில் இருந்தது. மடித்த போர்வை மடித்தபடியே இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. பையை வாங்கிச் சீட்டுக்கடியில் தள்ளினாள்.

"நாலு வருசம்" என்றார் அவர், வெளியே பார்த்தபடி. "ஊர்ல எவன் வேணா சொல்லாம இருக்கலாம். நீ ஏன் சொல்லல?"

"சொன்னேன்."

அவர் திரும்பினார்.

"சொன்னேன் மாமா." குரலை உயர்த்தினாள். "மொத செட்ட விக்கிறதுக்கு முன்னாடி. நீங்க பேப்பர் படிச்சுக்கினு இருந்தீங்க. நான் பின்னால நின்னு துணி மடிச்சுக்கினு, ஒரு தடவ காதைக் காட்டிட்டு வரலாமான்னு கேட்டேன். ரெண்டு வாட்டி கேட்டேன். நீங்க திரும்பல. அப்புறம் சொல்ல பயமா இருந்துது."

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவரோ, கணக்குப் போடுகிறவர் மாதிரி நெற்றியைச் சுருக்கினார்.

"எந்தப் பக்கம் நின்னு கேட்ட?"

யோசித்தாள். அலமாரி இருந்தது, ஜன்னல் இருந்தது. "எடது பக்கம்."

கொளஞ்சியப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "நீ இப்படி உள்ள போ" என்று அவளை ஜன்னலோரம் நகரச் சொல்லிவிட்டு, அவளிருந்த இடத்தில் உட்கார்ந்தார். இப்போது அவருடைய வலது காது அவள் பக்கம் இருந்தது. அந்தக் காதை இன்னும் கொஞ்சம் அவளருகே சாய்த்தார்.

"கத்தாத. சும்மா சொல்லு, பாக்கலாம்."

சந்திரலேகாவுக்கு நான்கு வருடத்துப் பேச்சு உள்ளே கிடந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்று சொல்ல வேண்டும், அந்தப் பெட்டிகள் எவ்வளவு அழகாகப் பாடின என்று சொல்ல வேண்டும். வாயில் வந்தது வேறு.

"வீட்ல பால் இல்ல மாமா. எறங்குனதும் வாங்கணும்" என்றாள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற சத்தத்தில்.

அவர் கண்ணைச் சுருக்கி அதை வாங்கிக்கொண்டார்.

"ஒரு பாக்கெட்டா, ரெண்டா?" என்று கேட்டார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "ரெண்டு" என்றாள், மெதுவாகவே.