ஓர் ஆணிக்கு ஒரு தொப்பி

அசீத்தா கம்பங்களியைக் கிண்டிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். சமையற்கட்டுக்கும் அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் தட்டு நீட்டுவதற்கென்று ஒரு திறப்பு உண்டு. அதன் வழியே பார்த்தால் எதிர்ச்சுவர் நேராகத் தெரியும். இன்று அந்தச் சுவரை நீலத் துணியால் மூடியிருந்தார்கள். துணிக்குப் பின்னால் இந்த விமானத் தளத்தின் தளபதிகள் அத்தனை பேரும், புதுச் சட்டமும் துடைத்த கண்ணாடியுமாக, வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். விமானப்படையின் பிறந்தநாள். தலைநகரிலிருந்து படைத் தலைவரே வந்து துணியை விலக்கப் போகிறார். களி பதமாக வந்திருந்தது, வெண்டைக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, மனது மட்டும் ஒரு நிலையில் இல்லை.

அந்த வரிசையை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். முதல் இரண்டு பேர் காக்கியில் இருப்பார்கள். அப்போது இது தனிப் படையே இல்லை, தரைப்படைக்கு வாலாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பிரிவு. சொந்தமாக இருந்தவை இரண்டே சரக்கு விமானங்கள், அவற்றை ஓட்டவும் வெளிநாட்டுக்காரன் வரவேண்டியிருந்தது. மூன்றாவது படத்திலிருந்து சட்டை நீலமாகும். தரைப்படையிடமிருந்து பிரிந்து, தனக்கென்று ஒரு தலைவரும் ஒரு கொடியும் கிடைத்த பிறகு, மார்பில் குத்தியிருக்கும் இறக்கைச் சின்னம் படத்துக்குப் படம் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில், ஜன்னலை ஒட்டி, இப்போதைய தளபதி கர்னல் தப்சோபா. அவருடைய சிரிப்பே சட்டத்துக்குள் அடங்காது.

இரண்டாவது படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் நடுவில் அவளுடைய அப்பா இருக்கவேண்டும். லெப்டினன்ட் லசினா தோயே. பெரும் பஞ்சம் வந்த வருஷம் தலைநகரில் ஆட்சி மாறியது. கூட்டத்துக்கென்று போன தளபதி திரும்பி வரவில்லை. அடுத்த நிலையில் இருந்தவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மிச்சமிருந்தவர்களில் பெரியவர் கிடங்குப் பொறுப்பாளர்தான், டயரும் எண்ணெயும் எண்ணி வைக்கும் மனிதர். முதல் மழையிலிருந்து அறுவடை வரைக்கும் இந்தத் தளத்தை அவர்தான் நடத்தினார். வடக்கே பசியில் கிடந்த ஊர்களுக்கு இரண்டு விமானங்களும் அவர் உத்தரவில் கம்பு மூட்டை சுமந்தன. பிறகு புதுத் தளபதி வந்தார். அப்பா மறு பேச்சுப் பேசாமல் கிடங்குக்கே திரும்பிப் போனார். அவர் பேரில் நியமன ஆணை எதுவும் வந்ததில்லை. ஆணை இல்லாதவருக்குப் படமும் இல்லை என்று ஆகிவிட்டது.

படங்களுக்குப் புதுச் சட்டங்கள் வந்து இறங்கிய அன்றே அவள் சார்ஜென்ட் திகோவைப் பிடித்தாள். படம் மாட்டும் வேலை அவன் தலையில் விழுந்திருந்தது. மாடு மேய்க்கும் ஃபுலானி இனத்துக்காரன், குச்சி மாதிரி உடம்பு, சிரித்தால் அபராதம் போடுவார்களோ என்று பயந்தவன் போல ஒரு முகம்.

"விண்ணப்பம்னா அதுக்கு ஒரு வழி இருக்கு அக்கா. எங்கிட்டருந்து கேப்டன், கேப்டன்கிட்டருந்து கர்னல், அவருகிட்டருந்து தலைநகர். படிப்படியாத்தான் ஏறணும்."

"சரி, ஏத்து."

"நீ சிப்பாய் இல்லையே. உனக்கு முதல் படியே கிடையாதே."

அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னான். அதனால் அவள் அவனைத் திட்டவில்லை.

கர்னலிடம் போக அவளுக்குப் படி தேவையில்லை. அவர் மோசி, அவள் சாமோ. இரண்டு குலத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி உறவு. சந்தித்தால் ஏசிக்கொள்ளாமல் போகக்கூடாது. யார் யாருக்கு அடிமை என்பதே இன்னும் தீராத வழக்கு; சாமோக்காரர்கள் நாய்க்கறி தின்னிகள், திருடர்கள் என்பது மோசிகளின் பழைய ஏச்சு. தளத்தில் மேஜர்கள்கூட அவர் முன்னால் விறைத்து நிற்கும்போது, இவள் மட்டும் கரண்டியை நீட்டிப் பேசுவாள்.

"ஏய் அடிமை! எங்கப்பா படம் என்ன ஆச்சு?"

"வா நாய்த்தலை தின்னி! எஜமான்கிட்டப் பேசுற லட்சணமா இது? உங்கப்பன் படத்த மாட்டினா சுவத்துல இருக்குற மத்தவங்க தொப்பியெல்லாம் காணாமப் போயிடும்."

கூடமே சிரிக்கும். அவளும் சிரிப்பாள், வேறு என்ன செய்வது? கர்னல் நல்ல மனிதர். அவளுடைய மகன் கல்யாணத்துக்கு வண்டி அனுப்பினார், கல்யாணத்திலும் ஏசினார். ஆனால் எதைக் கேட்டாலும் சிரித்தே கொன்றுவிடுவார். அவரிடம் அவள் வாயிலிருந்து வருவதெல்லாம் கேலியாகத்தான் போய்ச் சேரும். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள். நடிப்புப் பிரமாதம் என்று கைதட்டினார்.

ஆகவே மிச்சமிருந்தது ஒரே வழி. மோசி வீட்டு விசேஷத்தில் சாமோக்காரி எதையாவது தூக்கிக்கொண்டு போய்விட்டால், கேட்டதைக் கொடுத்துத்தான் மீட்கவேண்டும். பிணத்தையே எடுக்கவிடாமல் மறித்தவர்கள் உண்டு. அதற்குக் கோபப்படுகிறவனுக்கு ஊரில் மானமே மிஞ்சாது. கர்னலின் தொப்பியைத் தூக்குவது என்று அசீத்தா முடிவு கட்டினாள். தொப்பி இல்லாமல் அதிகாரி வணக்கம் வைக்க முடியாது. வணக்கம் வைக்காமல் விழா முடியாது.

விருந்தினர்கள் வந்தார்கள். வாசலை ஒட்டிய மேஜையில் தொப்பிகளைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். படைத் தலைவர் ஜெனரல் மிலோகோ போபோ இனத்தவர், அகன்ற தோள்காரர், அளந்து பேசுகிறவர். சோறும் வேர்க்கடலைக் குழம்பும் வேண்டாமென்று களியையே கேட்டு இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார். அசீத்தா புளிச்சைப் பூச் சாறு எடுத்துக்கொண்டு போகிற சாக்கில் மேஜைப் பக்கம் ஒதுங்கி, கர்னல் எப்போதும் வைக்கிற ஓரத்தில் இருந்த தொப்பியைச் சுரைக் குடுவைக்குள் போட்டு மூடிக்கொண்டு சமையற்கட்டுக்குள் நுழைந்துவிட்டாள். உள்ளுக்குள் ஒரு குஷி, சின்னப் பெண்ணாகிவிட்டது போல.

சாப்பாடு முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். கொம்பு ஊதுகிறவன் உதட்டைத் துடைத்துக்கொண்டு தயாரானான். இதுதான் நேரம் என்று அசீத்தா குடுவையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூடத்தின் நடுவே வந்து நின்றாள். குரலைக் கூரை வரைக்கும் ஏற்றினாள்.

"எங்கடா அந்த அடிமை? தலை இருக்கா கழுத்து மேல? இருந்தா எதால மூடுவ? வந்து கால்ல விழுந்து கேளு, தர்றதா வேணாமான்னு யோசிக்கிறேன்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. கர்னல் தப்சோபா நின்றுகொண்டிருந்தார், தலையில் தொப்பியோடு. அவருக்குப் பக்கத்தில் ஜெனரல் வெறும் தலையோடு நின்றார். அசீத்தா குடுவைக்குள் கைவிட்டுத் தொப்பியை வெளியே எடுத்தாள். அதில் நட்சத்திரங்கள் இருந்தன.

போபோவுக்கும் சாமோவுக்கும் எந்தக் கேலியும் கிடையாது. ஒரு சமையல்காரி படைத் தலைவரை ஊர் முன்னால் அடிமை என்று கூப்பிட்டுவிட்டாள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது. கர்னலின் முகத்தில் ஈயாடவில்லை. அப்பா படம் போகட்டும், நாளைக்கு இந்தச் சமையற்கட்டு இருக்குமா என்பதே சந்தேகம்.

அப்போது சார்ஜென்ட் திகோ, கையில் சுத்தியலோடு, ஓரடி முன்னால் வந்தான். பிறவியிலேயே சிரிக்காத அதே முகம்.

"ஜெனரல் ஐயா, போபோக்காரன் தொப்பி தொலைஞ்சா யாருக்கும் நஷ்டம் இல்ல. அடியில காபந்து பண்ண ஒண்ணும் கிடையாது."

கேப்டன் மூச்சை இழுத்துக்கொண்டார். ஜெனரல் மெல்லத் திரும்பி அவன் சட்டையில் இருந்த பெயரைப் படித்தார். போபோவுக்கு ஃபுலானியோடு கேலி உறவு. ஏசினவன் ஃபுலானி என்றால் சிரித்தே ஆகவேண்டும், அது படைத் தலைவருக்கும் சேர்த்துத்தான்.

"ஓ, மாட்டுக்காரனா? அதான் பாத்தேன், களியில சாணி நாத்தம் எங்கருந்து வருதுன்னு."

"உங்க பங்குல மட்டும்தான் ஐயா கலந்தேன்."

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ஜெனரல் கண்ணைத் துடைத்துக்கொண்டு அசீத்தா பக்கம் வந்தார். சிரிப்பு அடங்கியிருந்தது.

"எனக்கும் உங்களுக்கும் கேலி முறை இல்லையே அம்மா. என் தொப்பி எதுக்கு?"

"தப்பா எடுத்துட்டேன் ஐயா. அவரோடதுன்னு நெனச்சேன்."

"சரி, எடுத்தது எடுத்ததுதான். என் ஆளுக்காக நான் மீட்டுக்கிறேன். என்ன வேணும்?"

"ஒரு ஆணி."

"ஆணியா?"

அவள் வாயைத் திறந்தாள். வழக்கமான ஏச்சு ஒன்றுகூட நாக்கில் இல்லை. இவரிடம் கேலி செய்ய முடியாது. செய்ய முடியாததனால், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, விஷயத்தை விஷயமாகச் சொன்னாள். பஞ்சத்தைச் சொன்னாள், போன தளபதி வராததைச் சொன்னாள், மழை முழுக்க அப்பா வீட்டுக்குத் தூங்கவே வராததைச் சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. கர்னல் தப்சோபா அவளைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மழைக் காலத்து உத்தரவெல்லாம் அவர் போட்டதா?"

"அவர்தான் ஐயா."

"பறந்திருக்காரா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"ஒரு தடவை ஏறினாரு ஐயா, மூட்டையோட. ஏறினதுலருந்து இறங்குற வரைக்கும் வாந்தி."

ஜெனரல் தலையை ஆட்டினார். "நானும் மொத தடவை அப்படித்தான்" என்று, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார். பிறகு நிமிர்ந்தார்.

"கர்னல், ஒரு ஆணி."

"கேப்டன், ஒரு ஆணி."

"சார்ஜென்ட், ஆணி!"

திகோ தனக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்தே ஓர் ஆணியை எடுத்தான். ஜெனரல் துணியை விலக்கினார். கொம்பு ஊதியது. அசீத்தா ஓடிப்போய், உப்புச் சாடிக்கு மேலே அலமாரியில் இருந்த படத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். காலத்தின் வரிசைப்படி இருக்கட்டும் என்று ஜெனரல் சொல்லிவிட்டதால், மூன்றாவது ஆள் நான்காவது ஆணிக்கும், நான்காவது ஆள் ஐந்தாவதுக்கும் நகரவேண்டியதாயிற்று. கேப்டன் கழற்றிக் கொடுக்க, திகோ வாங்கி மாட்ட, தளபதிகள் ஒவ்வொருவராக ஓரிடம் தள்ளிப் போனார்கள். காக்கிக்கும் நீலத்துக்கும் நடுவே, மார்பில் இறக்கை இல்லாத, காது கொஞ்சம் பெரிதான லெப்டினன்ட் லசினா தோயே வந்து சேர்ந்தார். போட்டோ பிடிக்கும்போது யாரோ மூச்சை அடக்கச் சொல்லியிருக்க வேண்டும், இன்னும் விடவில்லை.

எல்லாரையும் தள்ளி மாட்டியதும் சுவர் முடிந்துவிட்டது. கடைசி ஆணிக்கு அப்பால் ஜன்னல்தான். திகோ ஆணியையும் சுத்தியலையும் பிடித்துக்கொண்டு அடிக்க இடமில்லாமல் நின்றான். கர்னல் தப்சோபா கையில் தன் சொந்தப் படமே மிஞ்சியிருந்தது.

"அப்ப நான் எங்க போறது கிழவி?" என்றார்.

பதில்கள் அவளிடம் எத்தனையோ இருந்தன. அடுப்படி, கோழிக்கூடு, நாய் படுக்கிற இடம், எது சொன்னாலும் கூடம் சிரிக்கும். அப்பாவைப் பார்த்தபடியே வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கர்னல் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

"சீக்கிரம் ஏசு" என்று கிசுகிசுத்தார். "எல்லாரும் பாக்குறாங்க."