அப்துல் ஜலீல் வாங்கிய சுவர்

செந்தூல் ரயில் பட்டறையில் குண்டு விழுந்த பிறகு, பிரிக்ஃபீல்ட்ஸ் தண்டவாளத்தை ஒட்டிய வரிசை வீடுகளை இடிக்கச் சொல்லிவிட்டான் ஜப்பான்காரன். தீ தாவாமலிருக்க வெட்டவெளி வேண்டுமாம். தெருவே மூட்டை கட்டியது. தெருவே 'நானா' என்று அழைத்த துணி வியாபாரி அப்துல் ஜலீல், மனைவி சுலைகாவைக் கிள்ளானில் மச்சான் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுத் தங்கமணி மட்டும் அடுப்பை அணைக்கவில்லை.

"லோரி நிக்குது. செமினிக்கு, உங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பு லா," என்றார் ஜலீல்.

"அக்கா செமினிக்குப் போனதே அவருக்குத் தெரியாதே, நானா. சயாம்லேருந்து வந்து எந்தக் கதவத் தட்டுவாரு?"

அவள் புருஷன் வாசுவை சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அதன்பின் சேதியே இல்லை.

கோபித்துப் படியிறங்கிய ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, முதலில் சொன்ன விலைக்கு மேலேயே துணி விற்றவர் ஜலீல். நேரே இடிப்புக் குத்தகைக்காரன் ஜெயராஜிடம் போனார்.

"ரெண்டு வீட்டுக்கும் நடுச்சுவர மட்டும் விட்டுடு."

"ஒத்தச் சுவர வச்சு மாப்பிள்ளை அழைப்பா நடத்தப் போறீங்க?"

"என் கதவு, நிலை எல்லாம் உனக்கு."

"இடிச்சா அது எனக்குத்தானே, நானா."

"தையல் மிஷினு?"

ஜெயராஜ் சிரிப்பை நிறுத்தினான். ஜலீலிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"ஜப்பான்காரன் கேட்டா?"

"சுவர் தீப்பிடிக்காதுன்னு சொல்லு."

சுவரில் கரியால் எழுதும்போது தங்கமணி தயங்கினாள். புருஷன் பெயரை அவள் எழுதுவதா? 'வாசு' என்று ஜலீல் எழுதினார். செமினி விலாசத்தை அவள் எழுதிவிட்டு லோரி ஏறினாள்.

முதல் பெருமழையில் சுவர் விழுந்தது. துணியை விரலில் உரசிப் பார்த்து வாங்கும் மனிதர், சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வரிசையில் எந்தச் சுவரும் தன் காலில் நின்றதில்லை. பக்கத்து வீட்டின்மேல் சாய்ந்தே காலம் தள்ளியவை.

கிள்ளானுக்குப் போயிருக்கலாம். வாசு வந்தால் விலாசத்தை யார் சொல்வது? ஜலீல் செங்கல் குவியல்மேல் பாயை விரித்தார். நாலு பழைய கைலியைப் பரப்பினார். வாங்க ஆளில்லை. சுலைகா சொல்லியனுப்பிய ஏச்சு மட்டும் தவறாமல் வந்தது.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எலும்பில் தோலைப் போர்த்திய ஒருவன் குவியல்முன் நின்று திருதிருவென்று விழித்தான்.

"வாசுவா?" என்று எழுந்தார் ஜலீல்.

"நாகையா, நானா. மூணாவது வீடு. என்னையவே தெரியலையா?"

தினம் ஜலீல் கடையில் உட்கார்ந்து வெட்டிப் பேச்சுப் பேசியவன். அவனைப் பாயில் உட்கார வைத்தார். அவன் குடும்பம் பங்சார் தோட்டத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு, மெல்லக் கேட்டார்.

"வாசு?"

நாகையா செங்கலைப் பார்த்தான். "ஆத்தோரக் கொட்டாயில விட்டுட்டு வந்தேன். காய்ச்சல். அப்ப மூச்சு இருந்துச்சு."

"எப்ப?"

"மழைக்கு முன்னாடி."

எந்த மழை என்று ஜலீல் கேட்கவில்லை. செமினிக்குப் போய்த் தங்கமணியிடம் இதில் எவ்வளவைச் சொல்வது, எவ்வளவை விழுங்குவது? வாழ்நாளில் முதல்முறையாக எதையும் கூட்டிக் குறைக்க வரவில்லை.

"மூச்சு இருந்துச்சுல்ல," என்றார். "அப்ப நாளைக்கும் நான் இங்க இருக்கணும்."