கடலடியில் உருளைக்கிழங்கு

உயிரியல் டீச்சருக்குத் தன் கணவரிடம் ஒரே ஒரு குறைதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவரைத்தான் பிடித்திருந்தது. அவரும் அதே பள்ளிக்கூடத்தில்தான் புவியியல் சார். வீட்டில் பாத்திரம் தேய்ப்பார், துணி மடிப்பார், குரலை உயர்த்தியதே இல்லை. சண்டை பிடிக்க வேறு சாக்குக் கிடைக்காதது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு வாரம் முதுகொடிய உட்கார்ந்து அவள் பாடம் தயாரிப்பாள்; பத்தாம் வகுப்பு கொட்டாவி விடும். வராந்தாவில் நடந்துகொண்டே யோசித்ததை அவர் போய்ச் சொல்வார். மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த வருஷம் அந்த எரிச்சலுக்கு நெய் வார்த்தாற்போல ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. கடல் ஆராய்ச்சி நிலையத்தின் கப்பல் ஆழ்கடலுக்குப் போகிறது. பள்ளிக்கு ஒரே ஒரு ஆசிரியரை ஏற்றிக்கொள்ளும். அதற்கு முன்னால் பத்தாம் வகுப்புக்கு ஆழ்கடலைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும். அங்கே வாழும் உயிர்கள் டீச்சர் பொறுப்பு, கடலின் தரை சார் பொறுப்பு. கடைசி நாள் பிள்ளைகளே ஒரு விசாரணை நடத்துவார்கள். கடலடியில் கிடக்கும் உலோக உருண்டைகளை வாரி எடுக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்கிறது, கொடுக்கலாமா கூடாதா என்று வகுப்பு கை தூக்கி முடிவு செய்யும். அதைப் பார்த்துவிட்டு நிலையத்து அதிகாரி ஆளைத் தேர்ந்தெடுப்பார். கல்லூரிக் காலத்திலிருந்தே டீச்சருக்கு அந்த இருட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தீராத ஆசை. சாருக்கு நீச்சல்கூடத் தெரியாது. ஆனாலும் பேர் கொடுத்திருந்தார்.

அவள் பாடம் நடந்த அன்று ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டி அறையை இருட்டாக்கினாள். அந்த இருட்டில் நின்று வெள்ளை ஆக்டோபஸின் கதையைச் சொன்னாள். சேற்றுத் தரையில் கெட்டியாக இருப்பது அந்த உலோக உருண்டைகள்தான். அவற்றைப் பிடித்துக்கொண்டு கடற்பஞ்சு வளரும். பஞ்சு செத்த பிறகும் அதன் தண்டு நிற்கும். அந்தத் தண்டில் முட்டையிட்டு, வருஷக்கணக்கில் அதைக் கட்டிக்கொண்டு தாய் காவல் கிடக்கும் என்றாள். இது பரீட்சைக்கு வருமா என்று இருட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

மறுநாள் சார் ஒரு பை நிறைய உருளைக்கிழங்கோடு வந்தார். அவள் சமையலுக்கு வாங்கி வைத்திருந்த உருளைக்கிழங்கு! கடைசி பெஞ்சில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் பல்லைக் கடித்தாள். சார் கிழங்குகளைத் தரையெங்கும் உருட்டிவிட்டு, கடலடியில் உலோகம் இப்படித்தான் கிடக்கும் என்றார். நாலு பையன்களை இயந்திரமாக்கி விளக்குமாற்றால் வாரச் சொன்னார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எதற்கெடுத்தாலும் வாதாடுகிற பையன் ஒருவன் உண்டு, எல்லாரும் அவனை வக்கீல் என்பார்கள். வாரினால் மறுபடி விளையுமா என்று அவன் கேட்டான்.

“விளையாம எங்கடா போகும்? கொஞ்சம் பொறுமை வேணும், அவ்வளவுதான்” என்றார் சார், சிரிப்பு வேகத்தில்.

டீச்சரின் சிவப்புப் பேனா நின்றது. அந்த உருண்டை நகக்கண் அளவு வளரப் பல லட்சம் வருஷம் ஆகும். அது அவருக்கும் தெரியும். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. அதிகாரி வரும் அன்று பிள்ளைகள் வாயாலேயே இது வரட்டும், சாரின் லட்சணம் தெரியட்டும் என்று விடைத்தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பாடம் எப்படி இருந்தது என்று வீட்டில் அவர் கேட்டபோது, நன்றாக இருந்தது என்றாள். அவள் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். மனிதர் பூரித்துப்போய் அந்தக் கிழங்கையெல்லாம் கழுவி அவரே சமைத்தார். அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

விசாரணை நாளில் அதிகாரியம்மா ஓரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கடல் உயிர்களுக்காகப் பேச எழுந்தவள், பெரிய கண்ணாடி போட்ட, ஆந்தை என்று பேரெடுத்த பெண். வகுப்பில் வாயே திறக்காதவள். அவள் வெள்ளை ஆக்டோபஸைப் பற்றிப் பேசினாள். டீச்சர் இருட்டில் சொன்னது ஒரு சொல் விடாமல் அவளிடம் இருந்தது. டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது.

கம்பெனி சார்பில் எழுந்த வக்கீல் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. எடுத்தாலும் திரும்ப விளையும், அப்புறம் என்ன நஷ்டம் என்றான். கை தூக்கச் சொன்னதும் வகுப்பு மொத்தமும் கம்பெனி பக்கம் தூக்கியது. ஆந்தையும் தூக்கினாள்.

“நீ எதுக்கு?” என்றாள் டீச்சர்.

“திரும்ப வளர்ந்துடும்னா எடுத்துக்கட்டுமே மிஸ். ஆக்டோபஸ் அதுவரைக்கும் வேற எங்கயாவது இருந்துக்கும்ல?” யாருக்கும் கஷ்டமில்லாத வழி கிடைத்துவிட்ட நிம்மதி அந்த முகத்தில் தெரிந்தது.

திரும்ப வளரும் என்று யார் சொன்னது என்று அதிகாரியம்மா கேட்டார். தூக்கிய கையை இறக்காமலே, மற்றக் கையால் எல்லாரும் சாரைக் காட்டினார்கள். டீச்சர் காத்திருந்தது இந்த நிமிஷத்துக்குத்தான். சார் வெளிறிப்போய், வேடிக்கைக்குச் சொன்னேன் என்று முணுமுணுத்தார். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கைகள் இன்னும் மேலேயே இருந்தன. அவள் நேசித்த கடலை அவள் பிள்ளைகளே தூக்கிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவள் எழுந்து, அது வளராது, நம் காலத்தில் இல்லை, மனுஷ ஜாதியின் காலத்திலேயே இல்லை என்றாள்.

ஆந்தை கையை இறக்கினாள். “அன்னைக்கு நீங்க பின்னாடிதானே மிஸ் இருந்தீங்க? காதுல விழலயா?”

விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். விடைத்தாள் திருத்தியதை எல்லாரும் பார்த்தார்கள், நம்பியிருப்பார்கள்.

“விழுந்துச்சு. சார் எல்லார் முன்னாடியும் மாட்டட்டும்னு சும்மா இருந்துட்டேன். உங்களுக்கெல்லாம் அவரைத்தானே பிடிக்குது” என்றாள். கப்பலில் தன் இடம் அந்தப் பதிலோடு போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. அதிகாரியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரும்பலகை மேடையிலிருந்து இறங்கி, முதல் பெஞ்சில் வக்கீலைத் தள்ளி உட்காரச் சொல்லி, பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

“எல்லாரும் கையை இறக்குங்க. மிஸ் முதல்லருந்து சொல்லுவாங்க. நானும் கேக்கறேன்.”

வகுப்பு கப்சிப்பென்று அவள் பக்கம் திரும்பியது. அவர் சொன்னதற்காகத்தான் திரும்பியது. இதையும் இந்த மனுஷன் எவ்வளவு அழகாகச் செய்துவிட்டார் என்று நினைத்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. எரிச்சலோடேயே சாக்பீஸை எடுத்துக் கரும்பலகைக்குத் திரும்பினாள்.