மூன்றாவது கோடு

செஞ்சிக் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் சம்பந்தத்தின் மகள் பிரீத்தி, சென்னையில் உளவியல் ஆராய்ச்சி மாணவி. கூட்டம் ஒன்றைச் சொன்னால் தனி ஆள் ஏன் தன் கண்ணை விட்டுவிட்டு அதற்குத் தலையாட்டுகிறான் என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். சோதனையைச் சொந்த ஊரிலேயே, ஒரு கல்யாண மண்டபத்தின் பக்கவாட்டு அறையில் நடத்தினாள்.

ஓர் அட்டையில் மூன்று கோடுகள். எது நீளம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் நீளம், சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் வரிசையில் முதலில் உட்கார்ந்திருக்கும் ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக "மூணாவது" என்பார்கள். அவர்கள் பிரீத்தி பேசி வைத்த ஆட்கள். அது ஏழாவது நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும் தெரியாது. அவர் பதில் சொல்லி முடித்ததும் உண்மையைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது விதி.

முப்பத்தோராவதாக வந்தவர் ரஞ்சித். செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்துக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தன் முறை வந்தபோது கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அட்டையைப் பார்த்தார், பக்கத்து நாற்காலிகளைப் பார்த்தார். மிகவும் மெதுவாக "மூணாவது" என்றார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்று சொல்லி உடனே எழுந்து போய்விட்டார். நாளைக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று பிரீத்தி நினைத்தாள். அப்புறம் மறந்துபோனாள்.

இரண்டு மாதம் கழித்து ரஞ்சித்தின் மனைவி ஜெயசுதாவிடமிருந்து போன் வந்தது.

"மேடம், அன்னைக்கு எங்க வூட்டுக்காரரு கண்ண இன்னா பண்ணீங்க?"

மற்றதை அவள் அழாமல், யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். அன்று சாயங்காலமே வேன் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டாராம். ஆறு பேருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே, எதிரில் வருகிற லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எப்படி நம்புவது என்றாராம். அதன் பிறகு, குழம்பு கொதித்துவிட்டதா, கதவு சாத்தியிருக்கிறதா என்று எல்லாவற்றையும் நாலு பேரைக் கேட்டுத்தான் ஒப்புக்கொண்டாராம். ஒருவர் மாற்றிச் சொன்னாலும் சோறு இறங்காதாம். அதனால் தெருக்காரர்கள் தினமும் வந்து உட்கார்ந்து, அவர் சொல்வதையே தாங்களும் சொல்லிவிட்டுப் போகிறார்களாம். இப்போது கொஞ்சம் தேவலை என்றாள் ஜெயசுதா.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரீத்தி பழைய அட்டையை எடுத்துக்கொண்டு அனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினாள்.

வாசலில் ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கோதண்டராமன், ஜெயசுதா, இன்னும் மூன்று அக்கம்பக்கத்தார், ஆறாவதாக ரஞ்சித். ஏழாவது காலியாக இருந்தது. ரஞ்சித் அவளைக் கண்டதும் எழுந்து, சிரித்த முகமாக, அதில் உட்காரச் சொன்னார். அவள் பயந்ததுபோல் அவர் இளைத்துப் போயிருக்கவில்லை.

பிரீத்தி எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு பேரும் தன் ஆட்கள், தப்பு தன்னுடையது, அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "நல்லா பாருங்கண்ணா. ரெண்டாவதுதான் நீளம்."

கோதண்டராமன் அட்டையை வாங்கிப் பார்த்து "மூணாவது" என்றார். அடுத்தவர் கைக்குப் போனது. மூணாவது. ஜெயசுதா ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அவளும் அதையே சொன்னாள். ஒரே குரலளவில், ஒரே இடைவெளியில், பிரீத்தி மண்டபத்தில் பழக்கிய மாதிரியே பதில் நகர்ந்து வந்தது. இவர்களை அவள் பழக்கவில்லை. ரஞ்சித்தும் அதையே சொல்லிவிட்டு அட்டையை அவள் மடியில் வைத்தார். ஆறு முகங்களும் அவள் பக்கம் திரும்பிக் காத்திருந்தன.

அவள் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து இரண்டாவது கோட்டின் மேல் வைத்தாள். "ரெண்டாவது," என்றாள்.

ரஞ்சித்துக்குக் கோபம் வரவில்லை. அவள் பக்கம் குனிந்து, "ஸ்கேலு உங்க கையிலதான மேடம் இருக்குது. நீங்க பாக்கற மாதிரிதான் அது காட்டும்," என்றார். "எனக்கும் மொதல்ல இப்படித்தான் இருந்துச்சு. போவப் போவ சரியாயிடும்."

கிளம்பும்போது ஜெயசுதா தெருமுனை வரை கூட வந்தாள். பிரீத்தி அவள் கையைப் பிடித்து, அவர் மனசுக்காகத்தானே எல்லாரும் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

"மொத பத்து நாளு அவருக்காவதான் சொன்னோம்," என்றாள் ஜெயசுதா. சற்று யோசித்தாள். "இப்ப எனக்கு அப்படித்தான் தெரியுது மேடம்."

செஞ்சியில் இறங்கியபோது கடைத்தெருவில் விளக்குப் போட்டிருந்தார்கள். ராஜகிரிக் கோட்டை மேல் கடைசி வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பிரீத்தி நேரே அப்பாவின் கடைக்குப் போய், ஒன்றும் விளக்காமல் அட்டையை நீட்டினாள். சம்பந்தம் ஆணி நிறுத்துக்கொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டு "நடுவுல இருக்கறது," என்றார். அவளுக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததை அவளே கவனித்தாள். இருந்தாலும் எதிர்க் கடை சாரதா அக்காவிடமும் கொண்டுபோய்க் காட்டினாள். அப்புறம் பூக்காரம்மாவிடம்.

தன் பேராசிரியரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் ஏற்பாட்டில் ஒரு கண் மருத்துவர் ரஞ்சித்தைச் சோதித்து, பார்வை பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தார். ரஞ்சித் மறுபடி வேன் ஓட்டுகிறார். இதுவரை ஒரு கீறல்கூட இல்லை. மாலைக் கூட்டம் மட்டும் நிற்கவில்லை. இப்போது பதினொரு நாற்காலி என்று ஜெயசுதா போனில் சொன்னாள். யார் வீட்டுச் சண்டையில் யார் பேரில் தப்பு, யாரைத் தெருவில் சேர்த்துக்கொள்வது என்பதெல்லாம்கூட அங்கேதான் பேசி முடிவாகிறதாம்.

ஆராய்ச்சியை இத்துடன் நிறுத்திவிடுகிறாயா, தொடர்கிறாயா என்று பேராசிரியர் போன மாதம் கேட்டார். நீ சொல்வதுதான் முடிவு என்றார். பிரீத்தி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள்.