வெள்ளை ஓடுகள்

மீன்கடையின் கல்லாவில் வீட்டின் மூத்த மருமகள் உட்காருவாள். பின்கட்டில் சிப்பி உடைப்பது இளைய மருமகள். கடைக்குப் புதிதாக விசிறிச் சிப்பி வரத் தொடங்கியிருந்தது. பெட்டியில் அடுக்கி வந்தபோது மேலிருந்து பார்க்க எல்லாம் சிவப்பாக இருந்தன. மாலையில் குப்பைக்கூடையில் பாதி ஓடுகள் வெள்ளையாகக் கிடந்தன.

மூத்தவளுக்குப் பொறி தட்டியது. விசிறிச் சிப்பியில் பல இனங்கள் உண்டென்றும், சில சல்லிசாகக் கிடைக்குமென்றும் கேள்விப்பட்டிருந்தாள். துறைமுகத்தில் சரக்கெடுப்பவளும் இளையவள்தான். மட்டமானதைக் கலந்துவிட்டு, நல்லதைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறாளோ? கணவனிடம் சொன்னாள்.

"கண்ணால பாக்காம வாயத் தொறக்காத," என்று அவன் நழுவிவிட்டான்.

மறுநாள் கல்லாவை அவனிடம் விட்டுவிட்டு, பின்கட்டில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இளையவள் சிவப்புச் சிப்பி ஒன்றை எடுத்து, கத்தியைச் செருகுவதற்காகப் புரட்டினாள். அடிப்பக்க ஓடு பால்வெள்ளையாக இருந்தது. அடுத்ததும் அப்படியே.

"எல்லாமே இப்படித்தானா?"

"ஆமாக்கா. இந்த இனத்துக்கு மேல் ஓடு சிவப்பு, அடி ஓடு வெள்ளை. மணல்ல படுத்துக் கிடக்கிற பக்கம் அது. ஏன், யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

மூத்தவளுக்குத் திக்கென்றது. கணவன் தன் தம்பியிடம் உளறி, அது இவள் காதுக்கு வந்திருக்குமோ? இளையவளின் முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

"யாரு என்ன சொல்லப் போறாங்க? இன்னொரு கத்தி இருந்தா குடு."

இளையவள் சிரித்தபடியே எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தது மழுங்கின கத்தி.